ஊட்டியில் இருந்து லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும் விதம்

அருவங்காடு, வெலிங்டன், கேத்தி என்று எங்கள் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. சிலர் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறார்கள், சிலர் மேல்படிப்புக்கு. முதல்முறை கிளம்பும் பிள்ளைகளைவிட அனுப்பி வைக்கும் பெற்றோருக்குத்தான் கேள்விகள் அதிகம். "அண்ணா, லண்டன் எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று பக்கத்து வீட்டு அக்கா போன வாரம்கூடக் கேட்டார்.

போனில் தேடினால் ஒரு நேரம் வரும். டிக்கெட்டில் வேறொன்று இருக்கும். பிள்ளை போய்ச் சேர்ந்து "வந்துட்டேம்மா" என்று கூப்பிடுவது மூன்றாவது ஒரு நேரத்தில். மூன்றும் சரியான கணக்குகள்தான், ஒவ்வொன்றும் அளப்பது வேறு. இதைப் புரிந்துகொண்டால் யாரையும் கேட்காமல் நீங்களே பயணத்தைத் திட்டமிடலாம். லண்டனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். டொரான்டோவோ மெல்போர்னோ, முறை ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் தம்பி மகள் படிக்கக் கிளம்பினாள். கோவை விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்று நினைத்து வண்டி ஏறினோம். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே மழையில் மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டி எடுக்க இரண்டு மணி நேரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செக்-இன் கவுண்டர் மூடிவிட்டார்கள். மறுநாளைக்குப் புது டிக்கெட் எடுத்துத்தான் போனாள். வானத்தில் 8,000 கிலோமீட்டர் ஒரு சிக்கலும் இல்லாமல் போன பயணம், வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் ஒருமுறை நின்றது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் விமானத்தின் நேரத்தை விட்டுவிட்டு மலைப்பாதையின் நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதல் படி: நேர்க்கோட்டுத் தூரம்

கோவை விமான நிலையத்தில் இருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் சுமார் 8,200 கி.மீ. சென்னையில் இருந்தும் ஏறக்குறைய அதே அளவுதான். பெங்களூரில் இருந்து சுமார் 8,050 கி.மீ.

இந்தத் தூரத்தைச் சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன. பிள்ளைகள் வைத்திருக்கும் பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் நூலின் ஒரு முனையை வைத்து, லண்டன் வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. பிறகு பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு நூல் பிடித்து அளந்தால் அது 40,000 கி.மீ. இரண்டு நூலையும் ஒப்பிட்டால், முதல் நூல் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். எட்டாயிரத்துச் சொச்சம் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அதே நூல் இன்னொரு விஷயமும் சொல்லும். அது மும்பையை ஒட்டியே போகும். கோவை-மும்பை சுமார் 1,000, மும்பை-லண்டன் சுமார் 7,200. கூட்டினால் கிட்டத்தட்ட அதே 8,200. அதாவது மும்பையில் மாறிப் போவது தூரக் கணக்கில் சுற்றே இல்லை. அபுதாபியில் மாறினால் 2,800, 5,500 என்று மொத்தம் 8,300. அதுவும் வழியில்தான் இருக்கிறது. சென்னை வழியாகவோ டெல்லி வழியாகவோ போனால் 400, 500 கி.மீ. கூடும், பெரிய விஷயமில்லை. ஆனால் சிங்கப்பூர் வழியாக விலை குறைந்த டிக்கெட் கண்ணில் பட்டால் நூலை எடுத்துப் பாருங்கள். லண்டன் மேற்கே இருக்க, கிழக்கே 3,150 கி.மீ. போய், அங்கிருந்து திரும்ப 10,900 கி.மீ. வர வேண்டும். மொத்தம் 14,000. முதல்முறை தனியாகப் போகும் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பேன்.

இரண்டாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுவது

பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஆனால் ஏறுவது, இறங்குவது, ஓடுதளத்தில் உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் சராசரி குறையும். நான் பயன்படுத்தும் சுலபக் கணக்கு: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அதோடு அரை மணி நேரம் கூட்டுங்கள்.

கோவை-சிங்கப்பூர் 3,150 கி.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட நான்கு, கூட்டினால் நாலரை மணி நேரம். கோவை-ஷார்ஜா 2,770 கி.மீ., நான்கு மணி நேரம். பெங்களூர்-லண்டன் 8,050 கி.மீ., பத்தரை மணி நேரம். டிக்கெட்டோடு ஒத்துப் பாருங்கள், முன்னே பின்னே கால் மணி, அரை மணி நேரம்தான் இருக்கும்.

டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் நேரம். சேரும் நேரம், போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தும் நேரம். ஆகவே தரையில் உருளும் நேரமும் அதற்குள் அடக்கம்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் ஒன்றாக இல்லை என்று பலர் கேட்கிறார்கள். விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டனுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது அதே காற்று முதுகில் தள்ளிவிடும். அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நூல் காட்டும் வழியிலெல்லாம் பறக்க அனுமதி இருக்காது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியில் இருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. அதனால் பழைய டிக்கெட்டைப் பார்த்து இந்த வருட நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: கடிகாரத்தைச் சரியாகப் படிப்பது

டிக்கெட்டில் எழுதியிருப்பது அந்தந்த ஊரின் நேரம். "பெங்களூர் காலை 7:00, லண்டன் மதியம் 1:00" என்று பார்த்துவிட்டு ஆறு மணி நேரம்தான் என்று நினைப்பவர்கள் உண்டு.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்தியா லண்டனைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம். அவர்கள் கடிகாரத்தை வருடத்தில் இரண்டு முறை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகவே லண்டன் நேரத்தோடு நாலரையோ ஐந்தரையோ கூட்டி முதலில் நம் நேரமாக்குங்கள், பிறகு கழியுங்கள். கோடையில் லண்டன் மதியம் 1:00 என்றால் நமக்கு மாலை 5:30. காலை 7:00-ஐக் கழித்தால் பத்தரை மணி நேரம். திரும்பும்போது லண்டன் இரவு 9:00 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:30. சென்னையில் காலை 11:30-க்கு இறங்கினால் பத்து மணி நேரம்.

தேதியில்தான் பெரிய ஆபத்து. வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15-ம் தேதி 02:10" என்று இருந்தால் 14-ம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி பகலில் சாமி கும்பிட்டுவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பினால் விமானம் எப்போதோ போயிருக்கும். டிக்கெட் வந்ததும் காலண்டரில் விமானம் ஏறும் தேதியோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதியையும் பெரிதாக எழுதி வையுங்கள். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் மறுநாள் என்று அர்த்தம்.

நான்காம் படி: எந்த விமான நிலையம்

கோவையில் இருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இல்லை. பெங்களூர், சென்னை, மும்பை, டெல்லியில் இருந்து உண்டு. மலையில் இருந்து பார்த்தால் மூன்று வழிகள்.

கோவையில் ஏறி ஓரிடத்தில் மாறுவது முதல் வழி. ஊட்டியில் இருந்து விமான நிலையம் சுமார் 95 கி.மீ. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் மொத்தப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. பணம் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தே தீர வேண்டுமானால் நடுவில் குறைந்தது ஐந்து ஆறு மணி நேரம் விடுங்கள்.

இரண்டாவது, சென்னைக்குப் போய் நேரடி விமானம் ஏறுவது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்னை சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோ ரயில் நேராக விமான நிலையத்துக்கே போகிறது. ரயில் கொஞ்சம் தாமதமானாலும் தாங்குவதுபோல் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானம் கிடைத்தால் இது நிம்மதியான வழி.

மூன்றாவது பெங்களூர். மைசூர் வழியாக விமான நிலையம் 300 கி.மீ.க்கு மேல், ஏனென்றால் அது நகரத்தைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. இங்கே ஒன்றை மறக்கவே கூடாது. முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். விதிவிலக்காக விடப்படும் சில அரசு பஸ்களும் ஆம்புலன்ஸும் தவிர மற்ற வண்டிகளுக்கு வழி இல்லை. காலை 7 மணி விமானத்துக்கு நள்ளிரவில் கிளம்பினால் கக்கநல்லா செக்போஸ்ட்டில்தான் விடியும். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. பெங்களூரில் ஏறுவதாக இருந்தால் முதல்நாள் பகலிலேயே காட்டைத் தாண்டிவிடுங்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. கோவை விமான நிலையம் அங்கிருந்து 145 கி.மீ., அதுவும் ஊட்டி ஏறி இறங்கி. நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் சுமார் 100 கி.மீ. வளைகுடாவில் மாறிப் போகும் டிக்கெட்டாக இருந்தால் அதுதான் அவர்களுக்கு நல்லது.

ஐந்தாம் படி: மலை இறங்கும் நேரம்

ஊட்டிக்கும் கோவை விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் 56 கி.மீ.தான். விமானம் அந்தத் தூரத்தை நாலு நிமிடத்தில் தாண்டும். நமக்கு நல்ல நாளிலேயே மூன்று மணி நேரம். குன்னூரில் இருந்து கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், மேலேயும் கீழேயும் வண்டிகள் சங்கிலிபோல் நிற்கும்.

நான் கணக்குப் போடுவது இப்படி. ஜனவரி, பிப்ரவரி மாதத்துச் சாதாரண வேலை நாள் என்றால் நான்கு மணி நேரம். சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை என்றால் ஐந்து. ஏப்ரல், மே சீசனில் ஆறு. சீசனில் ஏறும் வண்டி குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டி கோத்தகிரி வழியாகவும் போகும்படி ஒருவழிப்பாதை வைப்பார்கள். அன்றைக்கு எது நடைமுறையில் இருக்கிறது என்று முதல்நாளே டிரைவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பலாப்பழக் காலத்தில் பர்லியார் பக்கமும் குஞ்சப்பனை பக்கமும் யானைகள் சாலைக்கு வரும். ஹாரன் அடித்து விரட்டாமல், அவை போகும்வரை நிற்கத்தான் வேண்டும். அந்த நேரத்துக்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் மணிக்கணக்கே சொல்வதில்லை. முதல்நாளே இறங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு எப்போது, எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் இந்த மலை பட்ட பாட்டைக் குன்னூர், கேத்தி பக்கத்துப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோவையில் ஒரு நாள் அறை வாடகை, தவறவிட்ட டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மலை ரயிலில் இறங்கிப் போகலாமா என்று சில பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். மேட்டுப்பாளையம் வரை 46 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரம், மழையில் முதலில் நிற்பதும் அதுதான். விமானத்துக்கு நம்பிப் போக வேண்டாம்.

கீழே இறங்கிய பிறகு துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாக விமான நிலையம் போனால் கோவை நகர நெரிசலைத் தவிர்க்கலாம். நகருக்குள் வந்தேயாக வேண்டுமென்றால், அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கி.மீ. தூரத்துக்குச் சிக்னல் இல்லாமல் கொண்டுபோய் விடும்.

காதடைப்பு பற்றி ஒரு வார்த்தை

விமானத்துக்குள் காற்றழுத்தம் எப்படி இருக்குமோ என்று பயப்படுபவர்களுக்கு நம் மலையே பதில் வைத்திருக்கிறது. விமானம் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றைச் செயற்கையாக அழுத்தி வைத்திருப்பார்கள். புதுவகை விமானங்களில் அது சுமார் 1,800 மீட்டர் உயரத்துக் காற்றுக்குச் சமம். குன்னூர் 1,850 மீட்டர். பழைய வகைகளில் 2,400 மீட்டர் வரை போகலாம். ஊட்டி 2,240, தொட்டபெட்டா 2,637. ஆக, உள்ளே இருப்பது நாம் பிறந்ததிலிருந்து மூச்சு விடும் காற்றுதான். இறங்கும்போது காது அடைப்பதும் பர்லியார் தாண்டி அடைப்பதைப் போலத்தான். எச்சில் விழுங்குங்கள், ஒரு மிட்டாயை மென்றுகொண்டிருங்கள். பலமான சளி இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். உள்ளே காற்று ரொம்ப உலர்ந்திருக்கும், தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும்.

ஆறாம் படி: பின்னிருந்து முன்னால் எண்ணுவது

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உதாரணம் போடலாம். ஜூலை மாதம், ஒரே டிக்கெட். கோவையில் காலை 6:00-க்குக் கிளம்பி 7:50-க்கு மும்பை. மும்பையில் மதியம் 1:00-க்குக் கிளம்பி லண்டன் நேரம் மாலை 6:00-க்கு ஹீத்ரோ.

கோவையில் 6:00 என்றால் 3:30-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள், ஆனால் லண்டன் வரை போகும் பெட்டிகளை எடை போட்டு, விசா காகிதம் பார்த்து அனுப்ப நேரம் பிடிக்கும். அதிலிருந்து மலைக்கு நான்கு மணி நேரம் பின்னால் போனால், ஊட்டியில் இரவு 11:30-க்குக் கிளம்ப வேண்டும். மூடுபனியில், தூக்கக் கலக்கத்தில், மழைக்காலத்தில் இறங்குவதா? வேண்டாம். முதல்நாள் மதியம் 2:00-க்குக் கிளம்பி, மாலை 6:00-க்குக் கோவை போய், சாப்பிட்டுத் தூங்கி எழட்டும்.

மும்பையில் ஐந்து மணி நேர இடைவெளி. இமிகிரேஷன் சோதனை இங்கேதான் நடக்கும், கோவையில் இல்லை. பெட்டி நேராக லண்டன் போகிறதா என்று கோவை கவுண்டரிலேயே கேட்டு, பெட்டிக்கான சீட்டில் லண்டன் என்று இருக்கிறதா எனப் பிள்ளையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹீத்ரோவில் இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். நகரத்துக்கு எலிசபெத் லைன், பிக்காடிலி லைன் போன்ற ரயில்கள் உண்டு. அறைக்குப் போய்ச் சேர இரவு 8:30. நமக்கு அப்போது நள்ளிரவு 1:00 மணி. ஊட்டியில் வண்டி ஏறியதில் இருந்து 35 மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது 11 மணி 20 நிமிடம்தான். லண்டன் பேரில் பல விமான நிலையங்கள் இருப்பதால், கேட்விக்கிலோ ஸ்டான்ஸ்டெட்டிலோ இறங்கினால் இந்தக் கடைசிக் கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் இந்த 1:00 மணியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 6:00 மணிக்கு இறங்க வேண்டியவள் இரவு 10:30 ஆகியும் கூப்பிடவில்லையே என்று இங்கே தவித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அங்கே அப்போதுதான் மாலை ஆறு, சக்கரம் தரையைத் தொட்டிருக்கும் நேரம்.

திரும்பி வரும்போது

வரும்போது விதி கொஞ்சம் மாறும். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிகிரேஷனும் சுங்கச் சோதனையும். மும்பையில் இறங்கினால் பெட்டியை அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, கோவை விமானத்துக்கு மறுபடியும் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி உள்ள டிக்கெட்டாகப் பாருங்கள். கோவையில் இறங்குவது மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் அன்றிரவு மலை ஏற வேண்டாம். காலையில் வண்டி வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டரை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், குன்னூர் தாண்டியதும் தேவைப்படும்.